பேர் வெட்டிய டம்ளர்

என் அன்பான சாராள் அக்கா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் டம்ளரைத் தேய்த்தேன். ஜெபத்துக்கு உட்காரவில்லை, அடுப்பைப் பற்றவைக்கவில்லை. சமையலறை ஜன்னல் மேடையில் நீங்கள் கடைசியாகக் கவிழ்த்து வைத்த இடத்திலேயே அது இருந்தது. நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. அதைச் சுற்றி வட்டமாகத் தூசி படிந்திருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள் இன்னும் தெளிவாக இருக்கின்றன. ‘சாராள். அன்பளிப்பு: கிரேஸ்.’

அதில் என் பேர் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது அக்கா.

முதலில் ஊர்ச் செய்தி சொல்கிறேன், நீங்கள் கேட்பீர்கள். இந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் ஜாஸ்தி. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் நீங்கள் கூடை வைத்து வேகவைத்த மல்லாட்டைக் கடலை விற்ற இடத்தில் இப்போது ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருக்கிறாள். நம் சபைக் கோயிலில் பாய் விரிக்க ஆளில்லாமல் சங்கத்துப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு விரிக்கிறோம். ஒரு பாய்கூட நீங்கள் விரித்ததுபோல் நேராக விழுவதில்லை. என் பியூலா ஐந்தாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சைக்குப் படிக்கிறாள். உங்கள் எஸ்தருக்கு வேலூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை புறப்படுகிறாள்.

அவள்தான் நேற்றுச் சாயங்காலம் வந்தாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் எங்கள் சபைக்கு வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. தொழுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து, குணமாகிவிட்டது என்று எழுதிக்கொடுத்த காகிதத்தை மடித்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, பதினொரு வயது எஸ்தரைக் கையில் பிடித்தபடி வந்தீர்கள். கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் இருந்த உங்கள் புருஷன் வீட்டார் அந்தக் காகிதத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லையாம். போதகர் கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையை உங்களுக்குக் கொடுத்தார். கோயிலைக் கூட்டிப் பாய் விரிப்பது உங்கள் வேலை ஆயிற்று.

பெண்கள் சங்கத்துக்கு நான் செயலாளர் என்பதால் கோயில் சாவி வாங்க என் வீட்டுக்கு வர ஆரம்பித்தீர்கள். முதல் நாள் உங்களுக்கு எங்கள் வீட்டு டம்ளரிலேயே காபி கொடுத்தேன். குறுகிப்போன விரல்களால் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே டம்ளரை வைத்துக் குடித்தீர்கள். நீங்கள் போனதும் அந்த டம்ளரைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு மூடினேன். எவ்வளவு நேரம் கொதித்தது என்று கேட்காதீர்கள்.

அதே வாரம் ஒன்பதாம் வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதிய வரி: ‘தொழுநோய் பரம்பரை நோய் அன்று, சிகிச்சை பெற்றுக் குணமானவரிடமிருந்து பரவாது.’ அதைப் பிள்ளைகளை மூன்று முறை உரக்கச் சொல்ல வைத்தேன். பரீட்சைக்கு வரும் என்று அடிக்கோடும் போட்டேன். சாக்பீஸ் கையைக் கழுவிவிட்டு, அன்றே தேரடித் தெருப் பாத்திரக் கடைக்குப் போய் உங்களுக்கென்று தனியாக ஒரு டம்ளர் வாங்கினேன்.

தனி டம்ளர் என்றால் ஏன் என்று நீங்கள் கேட்டுவிட மாட்டீர்களா? அதற்கும் வழி யோசித்திருந்தேன். படித்தவள் அல்லவா! கடையில் பேர் வெட்டுகிறவர் சின்ன உளியை எடுத்துக்கொண்டு கேட்டார்.

“இன்னா பேரும்மா?”

“சாராள்.”

“உங்க பேரா?”

“இல்லீங்க. தெரிஞ்சவங்க.”

“அப்ப அன்பளிப்புன்னு போட்டுடலாமா? குடுக்கிறவங்க பேரும் போடுவோம். பாக்க நல்லாருக்கும்.”

ஒரு நிமிஷம் தயங்கினேன். பிறகு, “போடுங்க” என்றேன்.

வீட்டில் அவர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நம்ம வீட்டுப் பாத்திரம் எல்லாத்துலயும் உங்க அப்பா பேர்தான் கீது. கட்டின எனக்கே ஒரு டம்ளர் இல்ல. சாராளம்மாவுக்கு மட்டும் இன்னா இவ்ளோ பாசம்?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே எங்கோ குத்தியது. ஆனாலும் சிரித்தேன்.

நீங்கள் அதை வாங்கிப் பார்த்த முகம்! எழுத்துக் கூட்டி உங்கள் பேரைப் படித்தீர்கள். “எம் பேரா டீச்சரம்மா? ரேஷன் கார்டுல இருந்தே அடிச்சிட்டானுங்க. நீங்க எவர்சில்வர்ல வெட்டி வெச்சிட்டீங்க” என்றீர்கள். அதன்பிறகு கோயிலில், பஸ் ஸ்டாண்டில், மல்லாட்டை வாங்க வந்தவர்களிடம்கூட, டீச்சர் வீட்டில் எனக்கென்று பேர் போட்ட டம்ளர் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

அந்தச் செய்தி போதகர் காதுக்கும் போயிற்று. அறுப்பின் பண்டிகை ஆராதனையில், கிறிஸ்தவ அன்பு அன்றாட வாழ்க்கையில் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அந்த டம்ளரை உதாரணமாகச் சொன்னார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் தாழ்மை என்றே எடுத்துக்கொண்டார்கள். வெட்கம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எழுந்து நின்று உண்மையைச் சொல்ல அன்றைக்கே வாய்ப்பு இருந்தது. கூட்டம் முடிந்ததும் பெண்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கதகதப்பு எனக்குப் பிடித்திருந்தது அக்கா. அதைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

திருவிருந்தில் திராட்சரசம் குடிக்க எல்லாருக்கும் ஒரே கிண்ணம். நீங்கள் எப்போதும் கடைசியாகத்தான் எழுந்து போவீர்கள். முன் வரிசையில் நீங்களே பாய் விரித்துவிட்டு, பின்னால் கதவோரம் போய் உட்கார்ந்துகொள்வீர்கள். கடைசி ஆளும் குடித்துத் திரும்பிய பிறகுதான் பீடத்தின் முன் முழங்கால் போடுவீர்கள். ஒருமுறை சங்கக் கூட்டத்தில் தேவனுக்குப் பிரியமான மனப்பான்மைகளைப் பற்றிப் பேசினேன். பொறுமை, இரக்கம், மனத்தாழ்மை என்று வரிசையாகச் சொல்லி வந்து, “தாழ்மைக்கு வேறு எங்கும் போக வேண்டாம், நம் சாராள் அக்காவைப் பாருங்கள், எப்போதும் கடைசியாகத்தான் வருவார்கள்” என்றேன். நீங்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. உங்களுக்குப் பின்னால் குடிக்க யாரும் கூசக்கூடாது என்றுதானே அக்கா கடைசியாக வந்தீர்கள்?

அப்படியென்றால் டம்ளரைப் பற்றியும் உங்களுக்குத் தெரியுமா? எத்தனை நாளாகத் தெரியும்?

பியூலாவுக்கு மூன்று வயது இருக்கும். சித்திரை வெயிலில் வந்தீர்கள். பானைத் தண்ணீரை உங்கள் டம்ளரில் மொண்டு கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்திருந்தீர்கள். குழந்தை குடுகுடுவென்று உங்களிடம் ஓடி வந்து அதை இரண்டு கையாலும் தூக்கினாள். உதட்டருகே கொண்டுபோய்விட்டாள். நான் பாய்ந்து வந்து தட்டிவிட்டேன். டம்ளர் உருண்டு சுவரில் போய் மோதியது. குழந்தை வீறிட்டு அழுதாள்.

“சூடு! சுடும்!” என்று கத்தினேன்.

பானைத் தண்ணீர் அக்கா. உங்கள் புடவையில் தெறித்து வழிந்தது, சில்லென்று.

நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. குழந்தையைத்தான் பார்த்தீர்கள். “ஆமாடா கண்ணு, சுடும். அம்மா சொல்றாங்க இல்ல? பெரியவங்க டம்ளரைத் தொடக்கூடாது” என்றீர்கள். சூடு குளிர் எதுவும் உறைக்காத உங்கள் உள்ளங்கையை ஊதிக் காட்டி அவளைச் சிரிக்க வைத்தீர்கள். பிறகுதான் என் பக்கம் திரும்பினீர்கள். நான் முந்தானையால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். “வுடு தங்கச்சி. தண்ணிதான கொட்டிச்சி” என்றீர்கள்.

எட்டு வருஷத்தில் அந்த ஒரே ஒரு தடவைதான் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டீர்கள். மறுநாளிலிருந்து மறுபடியும் டீச்சரம்மா. காபி குடித்ததும் டம்ளரை நீங்களே கழுவி, மற்றப் பாத்திரங்களோடு சேர்க்காமல் ஜன்னல் மேடையில் கவிழ்த்து வைக்கத் தொடங்கியதும் அந்த மறுநாளிலிருந்துதான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலை மிச்சம் என்றுகூட நினைத்தேன்.

உங்கள் மேல் எனக்கு அன்பே இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். உள்ளங்கை வெந்துவிடுமே என்று உங்கள் காபியை நன்றாக ஆற்றித்தான் கொடுப்பேன். எஸ்தருக்கு நான்தான் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தேன். உங்களுக்காகத் தினமும் ஜெபித்தேன். அத்தனையும் செய்துகொண்டே அந்த டம்ளரைத் தனியாகவும் வைத்திருந்தேன். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே மனசில் எப்படி இருந்தன? பக்தி என்பது சங்கக் கூட்டத்தில் பேசுவதிலும் வேளை தவறாமல் ஜெபிப்பதிலும் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். என் அலமாரியில் எந்த டம்ளர் எங்கே இருக்கிறது என்று ஆண்டவர் பார்ப்பார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நேற்று வந்த எஸ்தர் உள்ளே வந்ததும் ஜன்னல் மேடையைத்தான் பார்த்தாள்.

“டீச்சர், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?”

“கேளும்மா.”

“ஹாஸ்டல்ல தட்டு, டம்ளர் எல்லாத்துலயும் பேர் போட்டு எடுத்துனு வரச் சொல்லிகீறாங்க. நான் புதுசா வாங்கல. அம்மா டம்ளரைக் குடுத்துடறீங்களா? எம் பேர் இல்லன்னாலும் பரவால்ல. அம்மா பேர் இருக்குதே. உங்க பேரும் இருக்குது.”

அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் தானாகவே பேசிக்கொண்டு போனாள். “அம்மா தெனமும் ஜெபத்துல உங்க பேரைச் சொல்லும் டீச்சர். எம் பேருக்கு அப்புறம் உங்க பேர்தான். ‘ஆண்டவரே, எங்க டீச்சரம்மா மனசுல இருக்கிற பயத்தை எடுத்துப் போடு. பாவம், நல்ல பொண்ணு, பயந்துகினே கீது’ன்னு சொல்லும். காய்ச்சல்ல படுத்துனு இருந்தப்பக்கூட சொல்லிச்சி. நான் கேட்டா சொல்லாது. சிரிக்கும். உங்களுக்கு இன்னா டீச்சர் பயம்?”

அவள் கண்ணில் கள்ளம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஸ்கூல் இன்ஸ்பெக்‌ஷன்மா. எனக்கு எப்பவும் அந்தப் பயம்தான்” என்றேன்.

“அதுக்கா எங்கம்மா இத்தனை வருஷம் ஜெபம் பண்ணிச்சி? நல்ல அம்மா!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சி வரேன் டீச்சர். எடுத்து வைங்க” என்று போய்விட்டாள்.

நீங்கள் செத்த பிறகும் உங்கள் மகளிடம் பொய் சொன்னேன் அக்கா. உங்களுக்கு எல்லாம் தெரியும் என்பது தெரிந்த அதே நிமிஷத்தில் சொன்னேன். என்னைக் குறை சொல்லியிருக்கலாம், கோபப்பட்டிருக்கலாம், வராமலே இருந்திருக்கலாம். நீங்களோ அதைப் பயம் என்று பேர் மாற்றி, எனக்காக மன்றாடியிருக்கிறீர்கள். நான் உங்களுக்காக ஜெபித்தபோதெல்லாம் என்ன கேட்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். உங்கள் சரீர சுகத்தைக் கேட்டேன். நோய் உங்களுக்கு இல்லை, எனக்குத்தான் என்று நீங்கள் மட்டும் அறிந்திருந்தீர்கள்.

நேற்றிலிருந்து மனசு இரண்டாக அடித்துக்கொள்கிறது. அந்தப் பெண் தாயில்லாமல் ஊர் விட்டுப் போகிறாள். அவள் கையில் இருக்கப்போவது இந்த ஒரு டம்ளர். அவள் அம்மாவை ஒருவராவது கௌரவமாக நடத்தினார்கள் என்பதற்கு அவளிடம் இருக்கும் சாட்சி இது. என் பாரம் இறங்குவதற்காக அதைப் பிடுங்கிக்கொள்வது நியாயமா? பேசாமல் கொடுத்து அனுப்பிவிடு என்கிறது ஒரு குரல். எட்டு வருஷமாக எனக்கு நல்ல பேர் வாங்கிக்கொடுத்த குரல் அது.

ஆனால் எஸ்தர் நர்ஸ் ஆகப்போகிறாள். நாளைக்கு உங்களைப்போல எத்தனையோ பேரின் கையைத் தொட்டுக் கட்டுப் போடுவாள். அவர்களுக்கும் யாராவது சிரித்த முகத்தோடு தனி டம்ளர் நீட்டுவார்கள். அதை அன்பு என்று நம்பி அவள் ஏமாறக்கூடாது. அதோடு, என்ன பயம் என்று அவள் கேட்டாள். கேட்டவளுக்குப் பதில் சொல்ல வேண்டாமா?

இன்றைக்குச் சனிக்கிழமை. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, வீட்டில் அவரிடம்கூட. நாளை எஸ்தர் வரும்போது இரண்டு காபி போடுவேன். எங்கள் அப்பா பேர் வெட்டிய டம்ளரை அவளுக்குக் கொடுப்பேன். உங்கள் டம்ளரில் நான் குடிப்பேன். குடித்து முடித்துவிட்டு, இன்ஸ்பெக்‌ஷன் என்று சொன்னது பொய் என்று தொடங்குவேன். கொதிக்கவைத்ததிலிருந்து பானைத் தண்ணீர் வரை ஒன்றையும் விடமாட்டேன். பிறகு டம்ளரைக் கழுவி அவள் முன்னால் வைப்பேன். எடுத்துக்கொண்டு போவதும் வைத்துவிட்டுப் போவதும் அவள் விருப்பம். வைத்துவிட்டுப் போனால், அது இனி ஜன்னல் மேடைக்குப் போகாது. மற்ற டம்ளர்களோடு அலமாரியில் இருக்கும். பியூலாவும் அதில் குடிப்பாள்.

கை நடுங்கும் என்று தெரியும். கொஞ்சம் கொட்டவும் கொட்டும். அப்போது நீங்கள் சொன்னதை நினைத்துக்கொள்வேன்.

நீங்கள் ஒரே ஒரு முறை கூப்பிட்ட அந்தப் பேருக்குத் தகுந்தவளாக நாளை முயலப்போகும்,

உங்கள் தங்கச்சி
கிரேஸ்