சின்ன மிஸ்ஸும் அட்டை பஸ்ஸும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் ஒன்று நீ சிரித்துவிடுவாய், இல்லை நான் அழுதுவிடுவேன், இரண்டும் வேண்டாம்.

எங்கள் மழலையர் பள்ளிக்குப் புதிதாக ஓர் ஆசிரியை வந்திருக்கிறாள், உன்னைவிட இரண்டு வயது சின்னவள். இத்தனை வருடமும் பிள்ளைகளுக்கு நான் வெறும் மிஸ். அவள் வந்த இரண்டாம் நாளே சின்ன மிஸ் ஆகிவிட்டாள், அதனால் நான் பெரிய மிஸ் ஆகிவிட்டேன், என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் ஓர் அலமாரிதான் சுவர், அதனால் அங்கே நடப்பதெல்லாம் இங்கே கேட்கும். மூன்று பெட்டிகளுக்கு வாய் வெட்டி, கண் வரைந்து வைத்தாள். ஒன்று காகிதம் தின்னும், ஒன்று பிளாஸ்டிக் தின்னும், மூன்றாவது மற்ற இரண்டும் வேண்டாம் என்பதைத் தின்னும். பிள்ளைகள் வீட்டிலிருந்து கழுவிக் கொண்டுவரும் காலி டப்பா, முட்டை அட்டை, பால் பெட்டி எல்லாவற்றையும் வட்டமாக உட்கார்ந்து பிரிக்க வேண்டும். சும்மா போட்டுவிட முடியாது, பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் “இது உனக்கு வேணுமா?” என்று கேட்க வேண்டும், வேண்டும் என்றால் கொடுக்க வேண்டும். ஒன்றைப் பிரிய மனசில்லாவிட்டால் “எனக்கு வருத்தமா இருக்கு” என்று சொல்லலாம், அந்தப் பிள்ளை தயாராகும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். குப்பைக்கு இத்தனை உபசாரமா என்று முதல் நாள் நான் மனதுக்குள் சிரித்தேன். ஒரு பொம்மைக்காக முடியைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் இரண்டு பேர், ஒரு காலி டப்பாவை நீ வைத்துக்கொள் நீ வைத்துக்கொள் என்று மாற்றி மாற்றி நீட்டியதைப் பார்த்த அன்றைக்கு என் சிரிப்பு நின்றது. நான் ஆயிரம் முறை கத்தியும் வராத பழக்கம் அது.

என் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள், நான் ஒட்டுப்புல் என்றுதான் கூப்பிடுவேன். சேர்ந்த நாளிலிருந்து காலையில் அவள் அம்மா கையை விட்டதும் அழுதுகொண்டே என் மடியில் வந்து ஒட்டிக்கொள்வாள், அரைமணி நேரம் எழுந்திருக்க விடமாட்டாள். இடுப்பு விட்டுப்போகிறது என்று அப்பாவிடம் தினமும் புலம்பியிருக்கிறேன். ஒரு திங்கட்கிழமை அவள் அழாமல் வந்தாள், கையில் ஒரு பால் பெட்டி, நான் மடியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன், என்னைத் தாண்டி அலமாரிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். பிள்ளை அழவில்லையே என்று சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான்? எனக்கு வயிறு எரிந்தது. அன்று மதியமே தலைமை ஆசிரியையிடம் போய், அந்தப் பெட்டிகளில் கரப்பான் வரும், பிள்ளைகளுக்கு நோய் வரும் என்று வத்தி வைத்தேன். அந்த அம்மாள் வந்து குனிந்து பார்த்துவிட்டு, “சுத்தமாத்தானே இருக்கு, நீங்களும் உங்க வகுப்புல ஒண்ணு வைங்களேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். எரிகிற இடத்தில் மிளகாய்ப்பொடி தூவினது மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு சேர்ந்த அட்டைகளை வைத்து இரண்டு வகுப்புப் பிள்ளைகளும் ஒரு பஸ் கட்ட ஆரம்பித்தார்கள். ஆறு பேர் உள்ளே உட்காரலாம், மூடிகள்தான் சக்கரம். ஓட்டுநர் யார் என்று பெரிய சண்டை வந்து, ஆளுக்கு ஒரு நிறுத்தம் ஓட்டுவது என்று அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள். நான் ஒரு நாளும் அதில் ஏறவில்லை, என்னை யாரும் ஏறச் சொல்லவுமில்லை. வெள்ளிக்கிழமை மாலை எல்லாரும் போனபிறகு நான் வருகைப் பதிவேட்டை முடித்துக்கொண்டிருந்தேன். பெருக்கித் துடைக்கும் அக்கா விளக்குமாறும் கையுமாக பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று, “டீச்சர், குப்பை வண்டி வந்துருச்சு, இது வேணுமா, குப்பையா?” என்று கேட்டாள். நான் தலையை நிமிர்த்தாமல், குப்பைதான், எடுத்துப் போடுங்கள் என்றேன். பெரிதாக இருந்ததால் அவள் அதை மிதித்து மடக்க வேண்டியிருந்தது. அந்தச் சத்தம் கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை பிள்ளைகள் அழுத அழுகையைச் சொல்ல முடியாது. சின்ன மிஸ் யாரையும் குற்றம் சொல்லவில்லை, தரையில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் என்ன தோன்றுகிறது என்று கேட்டாள், அவள் கண்ணும் கலங்கியிருந்தது. ஆனால் தலைமை ஆசிரியை வாசலில் வைத்து அக்காவைப் பிடித்துக்கொண்டார், கண்ணு தெரியலையா, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்றார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் சொல்லுவேன் என்று காத்திருந்த பார்வை. நான் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அன்று முழுக்க என்னைக் காட்டிக்கொடுக்காமல் அவள் தரையைத் துடைத்தாள்.

அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன், அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை, “நாளைக்கு எத்தனை மணிக்குப் போற?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் சீக்கிரம் போய் முதலில் தலைமை ஆசிரியையிடம் சொன்னேன், அக்காவையும் கூட்டிவந்து அவள் முன்னாலேயே சொன்னேன். பிறகு பிள்ளைகள் வட்டத்தில் போய் உட்கார்ந்து, பஸ்ஸை எறியச் சொன்னது நான்தான் என்றேன். எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்கிற பொடியன் ஒருவன், நாங்கள் வக்கீல் என்போம், அவன் “ஏன்?” என்றான். இருக்கிற பொய்யெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. எனக்குப் பொறாமை என்றேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டான். சின்ன மிஸ்ஸைப் பார்த்தேன், அவள் எனக்கு உதவவில்லை, பொறுமையாகக் காத்திருந்தாள். உங்களுக்கெல்லாம் சின்ன மிஸ்ஸைப் பிடித்துவிட்டது, இனி என்னைப் பிடிக்காமல் போய்விடுமோ என்று பயம், அந்தப் பயத்தில் கோபம் வந்தது என்றேன். அப்புறம் வக்கீல், “எங்க வீட்டுல பாப்பா பொறந்தப்ப எனக்கும் வந்துச்சு, நான் அதோட சொக்காயை சோபாவுக்கு அடியில ஒளிச்சு வச்சேன்” என்றான். ஒட்டுப்புல் மட்டும் விடவில்லை, “நீங்க எங்ககிட்ட வேணுமான்னு கேக்கவே இல்ல” என்றாள். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அந்த வாரம் முழுக்கக் கடை கடையாக ஏறி அட்டைப்பெட்டி கேட்டேன், மருந்துக்கடைக்காரர் நாங்கள் வீடு மாறுகிறோமா என்று விசாரித்தார். இந்தமுறை பிள்ளைகள் பஸ் வேண்டாம் என்று கப்பல் கட்டுகிறார்கள், பசை தடவும் வேலை எனக்கு. அக்கா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான், அது நியாயம். பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே. நேற்றுகூட ஒரு பிள்ளை சின்ன மிஸ்ஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டபோது சுருக்கென்றது. இப்போதெல்லாம் அதை அவளிடமே சொல்லிவிடுகிறேன், அவள் சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பும் எனக்கு முழுசாகப் பிடிக்கவில்லை.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், குழந்தைகள் காப்பகத்தில் சாயங்காலம் நீ கூப்பிடப் போனால் பேரன் அங்கே பார்த்துக்கொள்ளும் அம்மாவின் தோளை விட்டு வரமாட்டேன் என்கிறான், வேறு காப்பகம் பார்க்கப் போகிறேன் என்று போன வாரம் சொன்னாயே, அதற்காகத்தான். அவசரப்படாதே கண்ணு. அவள் நன்றாகப் பார்த்துக்கொள்வதால்தானே ஒட்டிக்கொள்கிறான், உன்னிடம் வர மறுக்கிறவன் உன்னை மறந்துவிட்டான் என்று அர்த்தமில்லை. உனக்கு வலிக்கிறது என்பதை அந்த அம்மாளிடமே சொல், வெட்கப்படாதே. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவள் அவனைத் தினமும் தூக்குகிறாள். அவன் பிறந்து இரண்டு வருடமாகிறது, நீங்கள் இருப்பது அவ்வளவு தூரம், நான் இன்னும் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை, அவன் கனம் எவ்வளவு இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. முகம் தெரியாத அந்த அம்மாள் மேல் எனக்கு இருக்கிற பொறாமைக்கு முன்னால் உன்னுடையது ஒன்றுமே இல்லை.

மூன்று பேரும் மனநிறைவோடு நீண்டநாள் வாழ வேண்டும். உன் கடைவாய்ப் பல்லை இந்த மாதமாவது போய்க் காட்டு, தள்ளிப்போடாதே.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா