தினமும் நாலு கிலோமீட்டர்

மார்ச் 2, ஞாயிறு

காலையில் மெக்கானிக் கடைக்குப் போன என் வீட்டுக்காரர் சாயங்காலம்தான் திரும்பினார். முகமெல்லாம் கிரீஸ், அதற்கு நடுவே ஒரு சிரிப்பு. மோட்டார் சைக்கிளின் முன்பக்கப் புல்லியை, அதுதான் பின்சக்கரத்துக்குப் போகிற பெல்ட்டை இழுக்கும் பல்சக்கரத்தை, மாற்றியாயிற்றாம். பெரியதைக் கழற்றிவிட்டுச் சின்னது.

"சிக்னல்ல பச்சை விழுந்ததும் அம்பு மாதிரி கிளம்பும், பாரு."

நாற்பத்தொன்பது வயது. முதல் ஆளாகக் கிளம்பி எங்கே போகப்போகிறார்? அதே ஆபீஸ், அதே நாற்காலி. சமையலறைக் குழாய் மூன்று வாரமாக ஒழுகுகிறது. அதற்கு ஒரு வாஷர் போட ஆளில்லை. பழைய புல்லியை ஜன்னலில் வைத்திருக்கிறார், ஏதோ ஓடி ஜெயித்த கோப்பை மாதிரி.

மார்ச் 3, திங்கள்

மீட்டர்: 40.

ஆபீஸ் போக 18, வர 18. வண்டி வாங்கிய நாளிலிருந்து சாயங்காலம் மீட்டரைப் பார்த்து நான்தான் நோட்டில் எழுதுகிறேன். இல்லாவிட்டால் ஆயில் மாற்றும் நாள் இவருக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது? கோயிலுக்குப் போகும் வெள்ளி தவிர ஆபீஸ் நாளெல்லாம் 36. இன்று என்ன 40? புது மவுசு, சுற்றிவிட்டு வந்திருப்பார்.

மார்ச் 6, வியாழன்

40. 40. 40. 40.

கேட்டேன். "அதே ரோடுதான்" என்றார்.

"அப்போ நாலு கிலோமீட்டர் எங்கேருந்து வந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்?"

பொய் சொல்லவும் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். அதுவுமில்லை.

மார்ச் 7, வெள்ளி

அவர் ஆபீசிலிருந்து வந்ததும் வழக்கம்போல இருவரும் கோயிலுக்கு. போக 9, வர 9. சிக்னலில் துள்ளிய துள்ளலில் என் கைப்பை தோளைவிட்டுப் பறந்தது. "எப்படி?" என்று திரும்பிக் கேட்கிறார்! பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இன்றைக்கு மொத்தம் 54 வர வேண்டும். மீட்டர் 60 காட்டுகிறது. மற்ற நாளில் நாலு, வெள்ளிக்கிழமை மட்டும் ஆறு. நல்ல நாள் பார்த்துத்தான் போகிறார் போல. அப்புறம் சந்நிதியில் கண்ணை மூடிக்கொண்டு என்ன உருக்கம்! ஆண்டவனே, உனக்கு எப்படிச் சிரிப்பு வராமல் இருந்தது?

மார்ச் 11, செவ்வாய்

இன்றும் 40. பொறுக்கமுடியாமல் நாத்தனாருக்குப் போன் செய்தேன். "அண்ணி, உங்க தம்பி தினமும் எங்கேயோ போயிட்டு வர்றாரு. யாரையோ பின்னால உட்காரவச்சுக் காட்டத்தான் இந்தப் புல்லி, வேகம் எல்லாம்."

"யாரு, இவனா? துணிக்கடையில வேற சைஸ் சட்டை கேக்கவே அவனுக்கு வாய் வராதே!"

எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் எண் பொய் சொல்லாது.

மார்ச் 12, புதன்

அண்ணி அவரிடமே கேட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. வாசலில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்று, பஸ் கண்டக்டர் மாதிரி கத்தினார்: "நாப்பது! எழுதிக்கோ!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நேரே உள்ளே வந்தார். தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ச் சாப்பிட்டார்.

மார்ச் 13, வியாழன்

"நாப்பது!"

மார்ச் 14, வெள்ளி

"நீ பஸ்ல போயிக்கோ" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். போனேன். கும்பிட மனசு ஒட்டவில்லை.

மீட்டர் 40. வெள்ளிதானே? அந்த ஆறு எங்கே போயிற்று? நான் ஏறாத வெள்ளியில் நாலுதான் கூடுகிறதா? அப்படியென்றால் போன வாரம் மிச்ச இரண்டு—

கோயிலுக்குப் போக ஒன்று, வர ஒன்று. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேனே! எங்கேயும் திரும்பவில்லையே!

மார்ச் 15, சனி

ஜன்னலில் இருந்த பழைய புல்லியை எடுத்துப் பல்லை எண்ணினேன். முப்பது. புதியது வந்த அட்டைப்பெட்டியில் இருபத்தேழு என்று போட்டிருக்கிறது.

மெக்கானிக் கடைக்கு நடந்தே போனேன். "தம்பி, மீட்டர் எதைப் பாத்து எண்ணுது?"

"இந்த வண்டியில கியர் பெட்டியத்தான்க்கா. சக்கரத்தை இல்ல."

பல் குறைந்தால், சக்கரம் அதே தூரம் உருள கியர் பெட்டியும் அதோடு சேர்ந்த முன்புல்லியும் கூடுதலாகச் சுற்ற வேண்டும். மீட்டர் அந்தச் சுற்றைத்தான் எண்ணுகிறது. எட்டாவதோடு நின்றவள் நான், விகிதக் கணக்கை நானாகப் படித்துக்கொண்டவள். 36-ஐ முப்பதால் பெருக்கி இருபத்தேழால் வகுத்தேன். நாற்பது. மீதியில்லை.

"முன்னாலயே சொல்லக்கூடாதா?"

"யாரும் கேக்கலையேக்கா."

ஒரு நாள் முழுக்க இரண்டு ஆம்பிளைகள் அதைத் தொட்டுத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் மண்டையிலாவது உறைத்ததா? இவருக்குத் தெரிந்திருந்தால் ஒரே வார்த்தையில் தப்பித்திருப்பார். தெரியவில்லை. அதனால் "அதே ரோடுதான்" என்ற உண்மையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர்கள் முட்டாள்கள். நான் என்ன? பத்து நாளாக அவருக்கு ஒரு பொம்பளையைக் கட்டிவைத்து, அவள் வீட்டுக்கு வழியும் போட்டுவைத்திருந்தேனே. சீ.

மார்ச் 16, ஞாயிறு

கணக்கெழுதிய தாளை நீட்டினேன். தப்பு என் மேல்தான் என்றேன். நிதானமாகப் படித்தார்.

"நான் எங்கேயும் போகலைன்னு புல்லி சொன்னாதான் நம்புவே, இல்ல?"

தாளை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். 

மார்ச் 17, திங்கள்

அண்ணியிடம் உள்ளதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அந்த நாலு கிலோமீட்டர்காரி செத்தாளா?" சிரிக்கட்டும், எனக்கு வேண்டும்.

சாயங்காலம் வாசலில் அதே குரல். "நாப்பது!"

மார்ச் 21, வெள்ளி

இன்றும் பஸ்தான். "நாப்பது!" சத்தம் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

மார்ச் 26, புதன்

வந்தார். வண்டியை நிறுத்தினார். "காபி இருக்கா?" என்றார். அவ்வளவுதான். நான் நோட்டோடு வாசலுக்குப் போகவில்லை.

மார்ச் 28, வெள்ளி

வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு, "வரியா?" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சிக்னலில் நின்றோம். பச்சை விழுந்தது. நான் பின்னால் இருப்பதாலோ என்னவோ, முட்டை ஏற்றிய வண்டி மாதிரி மெதுவாக எடுத்தார். காய்கறிப் பையோடு ஸ்கூட்டரில் வந்த ஒரு கிழவி எங்களைத் தாண்டிப் போனாள்.

காதருகே குனிந்து சொன்னேன்: "இதுக்குத்தான் மூணு பல்லைப் பிடுங்கினீங்களா?"

அவர் முதுகு குலுங்கியது. அப்புறம் வண்டி துள்ளியது. கைப்பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன், இன்னொரு கையால் அவரை.

கோயில் வாசலில் இறங்கினேன். மீட்டர் பக்கம் திரும்பவில்லை; அது பத்து என்றுதான் சொல்லும். கைப்பையிலிருந்த நோட்டில் ஒன்பது என்று எழுதிவிட்டு உள்ளே போனேன்.