வடிவேலுவின் வண்டியில் முன் இருக்கை

பாசிர் ரிஸ், சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை, 9 நவம்பர் 2025
காலை மணி 6.40

கடிதம் எண் 5
பொருள்: இம்மாதம் 22ஆம் தேதி உம்மை விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவது யார் என்பது குறித்து

அன்புள்ள இராசமலருக்கு,

நான் நலம். மெல்பர்னில் நீரும், மகள் தாரகாவும், மருமகனும், குழந்தையும் நலமாயிருக்க வேண்டுகிறேன். வசந்தம் வந்தும் அங்கே குளிர் விடவில்லை என்று தாரகா சொன்னாள். வெளியே போகும்போது காதை மூடிக்கொள்ளும்.

நேற்று மின்தூக்கியில் எட்டாம் மாடி வடிவேலுவைச் சந்தித்தேன். "அண்ணே, அக்கா இருபத்திரெண்டாந்தேதி வர்றாங்கல்ல, நானே போயி ஏத்திட்டு வந்துர்றேன். நீங்க நிம்மதியா தூங்குங்க" என்றார். தெரிந்ததுபோலத் தலையசைத்தேன். எனக்குத் தெரியாது. 3 ஆகஸ்ட் அன்று புறப்பட்டபோது செப்டம்பர் இறுதியில் திரும்புவதாகச் சொன்னீர். பிறகு தீபாவளிக்கு என்றீர். தீபாவளியும் 20 அக்டோபர் அன்று வந்து போயிற்று. ஞாயிறுதோறும் தொலைபேசியில் கேட்டால் "பாப்பம்" என்கிறீர். அந்தப் "பாப்பம்" எப்போது தேதியாக மாறியது என்பது கீழ்மாடிக்காரர் வாயிலாக எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. அவர் மனைவி லீலாவுக்கு நீர் செய்தி அனுப்பியிருப்பீர் என்று ஊகிக்கிறேன்.

எனக்கு வடிவேலுவின்மீது பொறாமை என்று நீர் எண்ணினால் அது தவறு. என் பொறாமை முழுவதும் அவருடைய வண்டியின்மீதுதான்.

இரண்டும் ஒரே கடையில் வாங்கிய ஒரே வகை வண்டிகள். என்னுடையது 17 ஜூலை 2004 அன்று வந்தது; அவருடையது 19 ஜூலை. ஆகவே என் வண்டியே மூத்தது. 2014இலும் 2024இலும் இருவருமே வண்டி வைத்திருப்பதற்கான சிஓஇ உரிமத்தைப் பத்தாண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொண்டோம். நான் என் வண்டியை மழையில் எடுத்ததில்லை. கூரையுள்ள கார் நிறுத்தத்திலும் உறை போட்டே வைத்தேன். கடையில் இருக்கைகளுக்குச் சுற்றித் தந்த பிளாஸ்டிக்கைக்கூடக் கழற்றவில்லை. சேலை அதில் ஒட்டுகிறது என்று நீர் சொன்னபோதும் கழற்றவில்லை. தேக்கா சந்தையில் நீர் மீன் வாங்கும் நாட்களில் பேருந்தில் வரச் சொன்னேன். வடிவேலு தம் வண்டியில் மீனை ஏற்றினார், வாழையிலைக் கட்டை ஏற்றினார், பேரன்களின் சேறு படிந்த காலணிகளை ஏற்றினார். பிறகு உம்மையும் ஏற்றினார். வெள்ளிதோறும் தேக்காவுக்கு நீர் முன்னால், லீலா பின்னால். லீலாவுக்கு முழங்கால் நீட்ட வேண்டுமாம். முறைப்படி பார்த்தால் அவருடைய வண்டி என்றைக்கோ படுத்திருக்க வேண்டும். அது தினமும் உட்லண்ட்ஸில் இருக்கும் அவர் மகள் வீட்டுக்குப் போய் வருகிறது.

படுத்தது என்னுடையது. இதை நான் உமக்குச் சொல்லவில்லை. தீபாவளியன்று கோயிலுக்குப் புறப்பட்டேன். வண்டி உயிர் பெறவில்லை. வடிவேலுவும் லீலாவும் என்னைத் தங்கள் வண்டியில் அழைத்துச் சென்றனர். முன் இருக்கையில் அமர்ந்தேன். கால் வைக்க இடமில்லை. இருக்கையைப் பின்னுக்குத் தள்ளக் கையை அடியில் விட்டபோது, "அத மாத்தாதீங்கண்ணே, அது அக்கா செட்டிங்" என்றார். முழங்கால்கள் மார்பில் இடிக்கச் சிராங்கூன் சாலை வரை அப்படியே சென்றேன். எதிரேயிருந்த பெட்டியைத் திறந்தால் உம்முடைய மூக்குக்கண்ணாடித் துணியும் பாதி தீர்ந்த புளிப்பு மிட்டாய்ப் பொட்டலமும் இருந்தன. என் வண்டியில் உம்முடையது என்று சொல்ல ஒரு கொண்டை ஊசிகூட இல்லை.

வண்டிக்கு என்னதான் செய்கிறீர் என்று அவரிடம் கேட்டேன். கேட்க விரும்பவில்லை, ஆனாலும் கேட்டேன். "ஒன்னும் பெருசா இல்லண்ணே. தெனம் ஓட்டணும் லா. சும்மா நின்னா ரப்பர் காஞ்சிரும், பேட்டரி செத்துரும், டயர் ஒரு பக்கமா அமுங்கிரும். எஞ்சின் ஆயில மட்டும் சொன்ன தேதிக்கு முன்னாடியே மாத்திருவேன். புதுசா ஒரு சத்தம் கேட்டா அன்னைக்கே பாத்துருவேன், அடுத்த வாரம்னு தள்ள மாட்டேன். இந்த மாடல் சிம்பிள், எதக் கழட்டினாலும் திருப்பி மாட்டிறலாம். நீங்க வண்டிய நல்லா பாதுகாத்தீங்கண்ணே, ஓட்டத்தான் இல்ல" என்று சிரித்தார். பின்னாலிருந்து லீலா, "அண்ணன் வண்டி நகைக்கடை ஷோகேஸ் லா, பாக்கலாம், தொடக்கூடாது" என்றார். இருவரும் தேக்கா வரும்வரை சிரித்தனர்.

மறுநாள் வண்டியை இழுவை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்பினேன். பட்டறைக்காரர் அப்துல் மஜீது சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஸ்கிராப்புக்குப் போட்டுருங்க சார், சிஓஇல மிச்சம் உள்ளது திரும்பக் கிடைக்கும். பாடி புதுசு மாதிரி இருக்கு, உள்ளதான் எல்லாம் காஞ்சு கெடக்கு" என்றார். நானும் ஏறக்குறைய இணங்கிவிட்டேன். உமக்குத்தான் இந்த வண்டி பிடிப்பதில்லையே என்றும் ஒரு கணம் நினைத்தேன். அப்போது அவர், "நாலு கதவும் அப்படியே வடிவேலு அண்ணன் வண்டிக்குப் பொருந்தும். எப்பவாச்சும் வந்தா தனக்குச் சொல்லுன்னு ரொம்ப நாளா கேட்டு வச்சிருக்காரு" என்றார்.

ஒன்றையும் கழிக்க வேண்டாம், எல்லாவற்றையும் பழுதுபாரும் என்று அங்கேயே நின்று சொன்னேன். உம் பக்கத்துக் கதவை வடிவேலுவின் வண்டியில் பார்ப்பதற்கு நான் இன்னும் ஆயத்தமாகவில்லை.

ரப்பர் குழாய்கள், பெல்ட், டயர்கள், பேட்டரி, எரிபொருள் பம்ப் அனைத்தையும் மாற்றினார்கள். 31 அக்டோபர் அன்று வண்டி வீட்டுக்கு வந்தது. 5 நவம்பர் பரிசோதனையில் தேறியது. அன்று மாலை இருக்கைகளின் பிளாஸ்டிக்கைக் கத்தரித்து எடுத்தேன். அடியில் துணி நீல நிறம். சாம்பல் என்றே இத்தனை ஆண்டுகளாக எண்ணியிருந்தேன். வியாழனன்று மழையில் ஓட்டினேன். வெள்ளியன்று தேக்காவுக்குப் போய்க் கொடுவா மீன் வாங்கினேன். நீர் வழக்கமாக மீன் வாங்கும் கடையின் ஃபஸீலா, "அம்மா எங்க சார்? வடிவேலு அண்ணன் வண்டி வரலையா?" என்று கேட்டாள். என் வண்டி வந்திருக்கிறது என்றேன். அவள் நம்பவில்லை, மீனைத் தூக்கிக்கொண்டு கார் நிறுத்தம் வரை வந்து பார்த்துவிட்டுப் போனாள். வீடு திரும்பும் வழியில் பொட்டலம் வண்டிக்குள் கசிந்துவிட்டது. வாசனை இன்னும் போகவில்லை. கழுவலாம், ஆனால் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் அவருடைய வண்டி சாவியின் முதல் திருப்பிலேயே கிளம்புகிறது. என்னுடையது சற்று யோசித்துத்தான் கிளம்புகிறது. கார் நிறுத்தத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு எரிகிறது.

நேற்று மின்தூக்கி தரைத்தளத்தை அடைந்ததும், 22ஆம் தேதி நானே போகிறேன் என்று வடிவேலுவிடம் சொல்லிவிட்டேன். அவர் விடவில்லை. "அக்கா எங்ககிட்டதானே சொல்லிருக்காங்க. அவங்க வாயால வேணாம்னு சொல்லட்டும்ண்ணே, நான் வரல" என்றார். அவர் சொல்வதும் முறைதான். ஆகவே இது இப்போது உம் கையில் இருக்கிறது. அவருக்கு ஒரு வரி எழுதிவிடும். எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அவர் முகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொள்வேன்.

முன் இருக்கையை எவ்வளவு முன்னுக்கு இழுத்தால் உமக்கு வசதி என்று எனக்குத் தெரியவில்லை. அதை அந்த மனிதரிடம் கேட்க மாட்டேன். நீர் வந்து உட்கார்ந்து நீரே வைத்துக்கொள்ளும். அதன்பின் அதை யாரும் மாற்றாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

குழந்தைக்கு என் ஆசி. நீர் உடல்நலத்துடன் வீடு வந்து சேர இறைவன் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உம்முடைய
ஜெயரத்தினம்

இணைப்புகள்:
1. 5 நவம்பர் 2025 பரிசோதனைச் சான்றிதழின் நகல், ஒன்று.
2. சாங்கியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியின் வரைபடம், ஒன்று. கால்மணி நேரத்தில் வரும் வழியன்று. கடற்கரை ஓரமாகச் சுற்றித் தேக்காவில் பசியாறி வரும் வழி.
3. வடிவேலுவுக்கு நீர் அனுப்ப வேண்டிய செய்தியின் வாசகம், ஒன்று. 22 என்பது அவர் சொன்ன தேதி; ஆகவே தேதிக்குரிய இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். உமக்கு எந்த நாள் சரிப்படுமோ அதை நீர் எழுதிக்கொள்ளும்.