புது வண்டி வாங்கப் பூக்கட்டிப் பார்த்தோம்

எனக்கும் சேர்த்துப் பேசிய அப்பாவுக்கு,

சுடலை அண்ணன் நேற்று மதியம் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் கேரளாவுக்குப் போனான். இன்று காலை பத்து மணிக்குள் தச்சநல்லூர் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். இப்போது ஒரு மணி ஆகிறது. மேற்கே வானம் கறுத்துக் கிடக்கிறது. மலைக்குள் போய்விட்டால் போன் எடுக்காது என்பது உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லித்தான் அம்மா தன்னைத் தேற்றிக்கொள்கிறாள். நானும் தலையாட்டுகிறேன். ஆனால் உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் இனி ஒரு முழம் பூகூடக் கட்ட முடியாது என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. நீங்கள் போய் மூன்று வருடம் முடிந்துவிட்டது. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. நீங்கள் கொண்டுவந்து இறக்கிவிடாத பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போக என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். இப்போது அம்மாவோடு உட்கார்ந்து டவுண் ரதவீதிக் கடைக்குப் பூக்கட்டுகிறேன். பூக்காரர் விடியும்போது உதிரிப்பூவைக் கொட்டிவிட்டுப் போவார், மத்தியானம் சரமாக வாங்கிக்கொண்டு போவார். யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

அண்ணனுக்கு இருபத்து மூன்று வயது. லோடு ஏற்றும் வேலைக்குப் போனவன் லைசென்ஸ் எடுத்து, ஆள் கிடைக்காத நாட்களில் மற்றவர்கள் வண்டியை ஓட்டினான். இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் சோற்றில் கையை வைத்துக்கொண்டே பேச்சை எடுத்தான்.

"புதுசா ஒரு பிக்கப் எடுக்கலாம்னு பாக்கேன்ம்மா."

"ஒங்க அப்பாவும் இப்படித்தாம்லே சொன்னாவ. இதே எடத்துல இருந்து, இதே மாதிரி சோத்தப் பெசஞ்சுக்கிட்டு."

"அடுத்தவன் வண்டிய ஓட்டுனா கடைசி வரைக்கும் அது அடுத்தவன் வண்டிதான். அப்பா அத யோசிச்சுதான வாங்குனாவ."

"வெல என்ன சொல்லுதான்?"

அண்ணன் சொன்னான். அம்மா குழம்பை ஊற்றாமலே கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள்.

மறுநாள் வண்டி பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனான். "நீ அப்பா வண்டியிலயே கெடந்தவல்லா. வண்டிச் சத்தம் ஒனக்குத் தெரியும்ட்டி, வா" என்றான். விற்பனைக்கு நிறுத்தியிருந்த இடத்தில் விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. வெள்ளை வண்டி. சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அண்ணன் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். பின்னாலிருந்து பார்க்க நீங்கள் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. அந்தக் கழுத்து, அந்தத் தோள்.

விற்பனைக்காரர் பிரேக், மைலேஜ், உத்தரவாதம் என்று அடுக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணன் குரலைத் தாழ்த்தினான்.

"பின்னால கூடுதல் பட்டை போட்டா எவ்வளவு ஏத்தலாம்?"

அவர் மேலாளர் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "அத எங்கிட்ட கேக்காதிய அண்ணாச்சி. நான் கம்பெனி அட்டையில போட்ட எடையத்தான் சொல்லணும்."

"அட்டையில போட்ட எடைய ஏத்துனா தவணை கட்ட முடியுமாவே?"

அவர் சிரித்துவிட்டார். "எல்லாரும் இங்கன சாவிய வாங்கிட்டு நேரா பட்டறைக்குத்தான் போறாவ. மாலை வாடுறதுக்கு முன்னால பட்டை ஏறிரும்."

அண்ணனும் சிரித்தான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உங்கள் வண்டிக்கும் அப்படித்தானே நடந்தது? எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றி, அதே மாலையோடு பட்டறைக்குப் போனோம். நான் முன் சீட்டில் இருந்தேன். பின்சக்கரத்துக்கு மேலே பாரம் தாங்கும் இரும்புப் பட்டைகளோடு இன்னும் இரண்டு சேர்த்தால் போதுமா என்று பட்டறைக்காரர் கேட்டார். மூன்று போடச் சொன்னீர்கள். அட்டையில் போட்டிருந்ததைப் போல இரண்டு பங்கு பாரம் ஏற்றினீர்கள். மூன்று வருடம் ஒன்றும் ஆகவில்லை. பட்டை பாரத்தைத் தாங்கியது. பிரேக் மட்டும் கம்பெனியில் வந்த அதே பிரேக். ஆரியங்காவு தாண்டி இறக்கத்தில் ஒருநாள் அது பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாள்: "ஆத்தாளக் கேட்டுச் செய்வோம். ஒங்க அப்பாவும் கேட்டுத்தான் செஞ்சாவ."

பூக்கட்டிப் பார்ப்பது உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் எழுதுகிறேன், நான் செய்தது அதற்குள்தான் இருக்கிறது. சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றங்கரையில் இருக்கும் நம் குலதெய்வத்தின் முன்னால், வாழையிலைத் துண்டில் ஒரு வெள்ளைப் பூ, இன்னொரு துண்டில் ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, நாரால் கட்டி, பூசாரி மாமா குலுக்கிப் போடுவார். வீட்டுப் பிள்ளை ஒன்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் ஆத்தாளுக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம்.

நீங்கள் வண்டி வாங்கக் கேட்டபோது எனக்குப் பதினொரு வயது. அப்போதே அம்மாவுக்குப் பூ எடுத்துக் கொடுப்பேன். வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்கு அரளி. நந்தியாவட்டைக் காம்பு மெல்லிசுக் குழல். அரளிக் காம்பு கட்டி. இலைக்கு மேலே தொட்டாலும் என் விரலுக்குத் தெரிந்தது. முதலில் கைக்கு வந்தது அரளி, அப்பா. கண்ணைச் சிறிதாகத் திறந்து பார்த்தேன். நீங்கள் கைகூப்பி நின்றீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஓர் ஆசையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அரளியை விட்டுவிட்டு மற்றதை எடுத்தேன்.

பொட்டலத்தைப் பிரித்ததும் என்னைத் தூக்கிச் சுற்றினீர்கள். "ஏட்டி, ராசியான கைட்டி ஒனக்கு" என்றீர்கள். அன்று டவுணில் எனக்கு அல்வா வாங்கிக் கொடுத்தீர்கள். நான் சாப்பிட்டேன்.

நீங்கள் போன பிறகு அம்மா தினமும் விளக்கேற்றும்போது ஒன்றைச் சொல்வாள். "அவளக் கேட்டுத்தான் வாங்குனாவ. குடுத்தவளே எடுத்துக்கிட்டா. நாம என்ன செய்ய." அதைச் சொன்ன பிறகுதான் அவளால் அடுப்புப் பக்கம் போக முடியும். மூன்று வருடமாக அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆத்தா அன்று சிவப்பைத்தான் என் கையில் வைத்தாள் என்று எப்படிச் சொல்வது?

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணனுக்காகப் போனோம். பஸ்ஸில் போகும்போதே முடிவு செய்துவிட்டேன். வாயைத் திறந்து, பட்டை போடாதே, பாரம் ஏற்றாதே என்று சொல்ல எனக்கு வராது. சொன்னாலும் அவன் கேட்பானா? விரல் சொல்லட்டும் என்று நினைத்தேன். பூசாரி மாமா குலுக்கிப் போட்டார். இந்தத் தடவை முதலில் தொட்டது நந்தியாவட்டை. அதைத் தள்ளிவிட்டு அரளியை எடுத்துக் கொடுத்தேன்.

"ஆத்தா வேண்டாங்கா. விட்டுருங்க" என்றார் பூசாரி மாமா.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அண்ணன் விழுந்து கும்பிட்டான். எழுந்திருக்க நேரமானது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தலையில் பைய ஒரு குட்டு வைத்து, "ஏட்டி, அப்பாவுக்கு மட்டும் வெள்ளையா எடுத்துக் குடுத்த. எனக்குன்னா ஒன் கைக்கு என்ன வந்துச்சு?" என்று சிரித்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அண்ணன் தப்பித்தான் என்று அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வாரமே வாழைக்காய் வியாபாரம் செய்யும் ஓர் அண்ணாச்சியின் பழைய பிக்கப்புக்கு டிரைவராகச் சேர்ந்துவிட்டான். அம்மா பதறிப்போய்க் கேட்டாள். அவன் சாதாரணமாகச் சொன்னான்: "வாங்கத்தானம்மா ஆத்தா வேண்டாம்னா. ஓட்டாதன்னு சொல்லலல்லா."

"முன்னால ஓட்டுனவரு என்ன ஆனாரு?"

"சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டாராம்."

"வண்டி எப்படிலே இருக்கு?"

"பிரேக்கு ரெண்டு மிதி மிதிச்சாத்தான் புடிக்கி. பழகிட்டு."

பழகிட்டு என்று நீங்களும் சொல்வீர்கள்.

ஒருநாள் அந்த வண்டி தெருமுனையில் நின்றது. குனிந்து அடியில் பார்த்தேன். உங்கள் வண்டியில் மூன்று பட்டை கூடுதல். இதில் ஐந்து. அதில் ஒன்று நடுவில் விண்டிருந்தது. பின்சக்கரம் உருளாமல் இருக்க ஒரு கல்லை அண்டக் கொடுத்திருந்தார்கள். ஹேண்ட் பிரேக் இல்லையாம். நிமிர்ந்தபோது அண்ணாச்சி டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா பாக்க? வண்டிக்கடியில பூவா கெடக்கு, பெறக்கிக் கட்டுததுக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பட்டை விண்டிருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அதற்குள் அண்ணன் கல்லை எடுத்து உள்ளே போட்டுவிட்டு ஏறிவிட்டான். பாரத்தில் வண்டி பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் தூக்கிக்கொண்டு போனது.

புது வண்டி அந்த விலைக்குத் தகுமா என்று வீட்டில் எத்தனை நாள் பேசினோம். நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? எனக்குத் தெரிந்த வரையில் யோசித்துப் பார்த்தேன். அட்டையில் போட்ட எடையை மட்டும் ஏற்றி ஓட்டினால் தவணைக்கும் டீசலுக்கும் சரியாகப் போய்விடும். வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. பூக்கட்டி வருவது அரிசிக்கே போதாது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் எல்லோரும் பட்டறைக்குப் போகிறார்கள். நீங்களும் அதற்குத்தானே போனீர்கள்? என் பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்துத்தானே?

டவுணில் ஒரு துணிக்கடையில் பெண்பிள்ளைகள் வேலைக்கு வேண்டும் என்று பூக்காரர் இரண்டு முறை சொல்லிவிட்டார். சேலையை விரித்துப் போட்டு, வருகிறவர்களிடம் நாள் முழுவதும் பேச வேண்டும். அதை நினைத்தாலே உள்ளங்கை வேர்க்கிறது. அதனால் போகவில்லை. ஆனால் அந்தச் சம்பளம் வந்தால் பள்ளம் ஏறக்குறைய நிரம்பிவிடும். அண்ணனின் புது வண்டியில் கூடுதல் பட்டைக்குப் பதிலாக நான் இருந்திருப்பேன். இது ஏன் எனக்கு முன்பே தோன்றவில்லை? நல்ல பிரேக் உள்ள வண்டியை அண்ணனுக்கு வேண்டாம் என்று சொல்லி, ரெண்டு மிதி மிதித்தால் பிடிக்கிற வண்டியில் அவனை ஏற்றி அனுப்பியது நான்தான். பூவைப் பொறுக்கத் தெரிந்த விரலுக்கு இது தெரியவில்லை.

இப்போது மணி இரண்டாகப் போகிறது. தூரத்தில் இடி கேட்கிறது. அண்ணாச்சிக்கு அம்மா போன் போட்டாள். "வந்துருவான் வந்துருவான், மழைக்கு எங்கயாவது ஒதுங்கியிருப்பான்" என்றாராம். ஆனால் அவர் குரலில் சிரிப்பு இல்லை என்று அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடி பூவை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "நல்லவேளை, வண்டி வாங்க வேண்டாம்னு ஆத்தா தடுத்துட்டா. இல்லன்னா இப்பம் என் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுல்லா இருப்பேன்" என்கிறாள். அப்பா, தன் வயிற்றில் இப்போது என்ன இருக்கிறது என்று அவள் நினைக்கிறாள்?

நீங்கள் அந்த மலைப்பக்கம்தான் இருக்கிறீர்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. இருந்தால் அவன் பக்கத்துச் சீட்டில் கொஞ்சம் ஏறி உட்காருங்கள். இறக்கத்தில் இரண்டாவது கியரை விட்டு மாற்ற விடாதீர்கள். நீங்கள் சொன்னால் கேட்பான்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அண்ணன் வந்து இறங்கியதும், அவன் கைகால் கழுவுவதற்கு முன்னால், அம்மா முன்னிலையில் சொல்வேன். இரண்டு தடவையும் பூவைத் தேர்ந்தெடுத்தது நான். முதல் தடவை ஆத்தா வேண்டாம் என்றுதான் சொன்னாள். அம்மா விளக்கடியில் சொல்கிற அந்த ஒரு வார்த்தையும் அதோடு போய்விடும். அதன் பிறகு என் முகத்தைப் பார்ப்பாளா, தெரியவில்லை. ஆனாலும் சொல்வேன். புது வண்டியை எடு, அட்டையில் போட்ட எடைக்கு மேல் ஒரு தார்கூட ஏற்றாதே, மீதிக்கு நான் துணிக்கடைக்குப் போகிறேன் என்று அண்ணனிடம் சொல்வேன். குரல் நடுங்கினால் நடுங்கட்டும்.

அதுவரை இந்தக் கடிதத்தை யார் கண்ணிலும் காட்ட மாட்டேன். அரிசிப் பானைக்குப் பின்னால் மடித்து வைத்திருப்பேன். அண்ணனிடம் சொல்லி முடித்த பிறகுதான் இது வெளியே போகும். உங்களைத் தவிர வேறு யாராவது இதைப் படித்தால், அவன் வந்து சேர்ந்துவிட்டான், நான் வாயைத் திறந்துவிட்டேன் என்று பொருள்.

உங்கள் மகள்,
சுடலைக்குத் தங்கை,
இசக்கியம்மாள்