பதினாறாம் அத்தியாயத்தைப் பிரிப்பதற்கு முன்

செல்ல வாண்டுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, மனசைப் பற்றிக் கேட்டால் அதற்குத்தான் இந்தக் கடிதம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, போன வாரம் போனில் இருமிக்கொண்டே இருந்தாயே அது விட்டதா, வெந்நீர் வைத்துக் குடிக்கிறாயா, இல்லை எனக்கு ஒரு ‘சரிம்மா’ போட்டுவிட்டு ஐஸ் தண்ணீர்தானா. பார்சலைப் பிரித்ததும் முதலில் புத்தகத்தைத்தான் கையில் எடுத்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. அதை அப்படியே மேஜைமேல் கவிழ்த்து வை. அட்டை நீ வரைந்ததுதான், எங்கும் ஓடிப்போகாது. இதைக் கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் அதைத் தொடு.

புத்தகம் வந்து இத்தனை நாளாகியும் உன் பிரதியை அனுப்பாமல் நாளைக்கு நாளைக்கு என்று சாக்கு சொன்னேன் அல்லவா, கொரியர்காரன் மேல் பழியைப் போட்டேன், பாவம் அவனுக்கு இதில் சம்பந்தமே இல்லை. தினமும் போனில் பேசுகிறவளுக்கு இப்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நம் வீட்டில் போனில் ரகசியம் பேச முடியுமா சொல். நீ கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், உன் குரல் கேட்டதும் பெரியம்மா பக்கத்து வீட்டிலிருந்து கையில் கரண்டியோடு வந்து நிற்பார். நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். நான் இங்கே தும்மினால் அங்கிருந்து மாத்திரை போட்டியாடி என்று குரல் வரும். இந்த விஷயம் பெரியம்மாவையும் உன்னையும் என்னையும் பற்றியது, அதனால்தான் காகிதம்.

முதலிலிருந்து சொல்கிறேன். புத்தகப் பெட்டிகள் வந்து இறங்கிய அன்றைக்கு நான் ஆபீஸில் இருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பெரியம்மா ஏற்கெனவே ஒரு பெட்டியைத் தன் பெரிய கத்தரிக்கோலால் வெட்டித் திறந்து ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு நிற்கிறார். எழுதினவளுக்கே ரெண்டாவது புக்குதான், முதல் புக்கு எனக்கு, கையெழுத்தப் போடுடி என்று நீட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பதிப்பகங்கள் கையெழுத்துப் பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தபோது, அவனுங்க யாரு உன் கதைய அச்சடிக்க, நாமளே அடிப்போம் என்று முதலில் சொன்னதும் அவர்தானே. நீ எடிட்டர், நீயே அட்டை, நீயே கம்ப்யூட்டர் வேலை, நான் எழுத மட்டும் என்று நாம் பங்கு பிரித்துக்கொண்டபோது, நான் விக்கிறேன் என்று அவராகவே வேலை கேட்டு வாங்கிக்கொண்டார்.

விற்றார் என்பதைவிட ஊருக்கே வாசித்துக் காட்டினார் என்று சொல்ல வேண்டும். மருந்துக்கடை மாடியில் இருக்கும் அவருடைய தையல் கடையில் மத்தியானம் மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லாரும் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்கள் அல்லவா, அந்த நேரத்தில் தினம் ஒரு அத்தியாயம் சத்தமாகப் படிக்கிறார். கழுத்தில் இஞ்ச் டேப், மூக்கு நுனியில் கண்ணாடி. பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் மலைபோலக் கிடக்கும்போதும் இது நிற்கவில்லை. காஜா போடும் அம்மா என் கதையில் வரும் டாக்டரை அப்படி வெறுக்கிறாராம், அவன் மட்டும் என் கையில கெடைச்சான்னா வாய்க்குப் பட்டன் வெச்சு தெச்சுடுவேன் என்றாராம். இதையெல்லாம் தினமும் இரவுச் சாப்பாட்டின்போது பெரியம்மா வந்து நடித்துக் காட்டுவார், நான் சிரித்துச் சிரித்துச் சாப்பிடாமல் எழுந்திருக்கிறேன். ஒரு எழுத்தாளிக்கு இதைவிட என்ன வேண்டும் சொல்.

இப்போது நான் செய்த காரியத்தைக் கேள். நான் எப்படி எழுதுவேன் என்பது உனக்குத் தெரியும். கதைப் பெயர் வைத்து எழுதினால் எனக்கு ஆட்கள் வாயே திறக்க மாட்டார்கள், பாடப்புத்தகத்தில் வருகிறவர்கள் மாதிரி நிற்பார்கள். அதனால் வீட்டில் கூப்பிடும் பெயரையே போட்டு எழுதிக்கொண்டு போவேன், முழுதும் முடிந்ததும் நீ அங்கே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஒரே தட்டாகத் தட்டி எல்லாவற்றையும் கதைப் பெயராக மாற்றிவிடுவாய். துணியையும் ஆளையும் ஒரே வெட்டாக வெட்டுவதால் கடைப் பெண்கள் பெரியம்மாவுக்கு வைத்த பெயர் கத்திரி, நானும் அதைத்தான் போட்டு எழுதினேன். நீ அதை மாற்றித் தலைமையாசிரியை ஆக்கினாய். குழந்தைக்கு நான் போட்டிருந்த வாண்டு என்பதையும் மாற்றினாய், உன் பேரைப் பார்த்ததும் அம்மா, நான் இவ்ளோ அழுமூஞ்சியா என்று கேட்டுச் சிரித்தாய். எல்லாம் முடித்து நீ ஃபைல் அனுப்பினாய். அதை அப்படியே அச்சகத்துக்குத் தள்ளிவிட்டிருந்தால் இந்தக் கடிதமே வேண்டாம்.

ஆனால் பதினாறாம் அத்தியாயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இளம் தாய் கல்லூரிப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்கு வருகிறாள், குழந்தையைப் பார்த்துக்கொண்ட தலைமையாசிரியை வாசலில் நிற்கிறாள், இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், சுபம். பொய் என்று எனக்கே தெரிந்தது. உட்கார்ந்து அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன், வழக்கப்படி வீட்டுப் பெயர்களில். எழுதியதை உனக்கு அனுப்பப் பயமாக இருந்தது, ஏனென்றால் அதில் வருகிறவள் நீ. அதனால் நானே பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டி, நானே மின்புத்தகத்தை ஏற்றி, நானே அச்சகத்துக்கும் அனுப்பினேன். உன்னிடம் இரண்டு கமா மாற்றினேன் என்று சொன்னேன். பெயர் மாற்றுவது எப்போதும் உன் வேலையாக இருந்ததால் அது ஒரு வேலை என்பதே எனக்கு மறந்துபோனது. பதிப்பகம் என்றால் நடுவில் நாலு கண் பார்க்கும், நமக்கு இருந்தது உன் கண் ஒன்றுதான், அதையும் நான் கட்டிவிட்டேன்.

மின்புத்தகத்துக்கு வந்த முதல் விமர்சனத்தில்தான் தெரிந்தது. முகம் தெரியாத ஒரு வாசகர் மூன்று நட்சத்திரம் கொடுத்து, கதை நன்றாகப் போகிறது, ஆனால் பதினாறாம் அத்தியாயத்தில் கத்திரி என்று யாரோ திடீரென்று வருகிறாளே, தலைமையாசிரியை எங்கே போனாள் என்று கேட்டிருந்தார். ஆபீஸில் டீயும் கையுமாக அதைப் படித்தேன். டீ சேலையெல்லாம் கொட்டியது, பக்கத்து மேஜைக்காரர் வீட்டில் ஏதாவது கெட்ட செய்தியா என்று எழுந்தே விட்டார். மின்புத்தகத்தை அங்கேயே திருத்திவிட்டேன். அச்சகக்காரருக்குப் போன் போட்டால், அந்தப் பக்கங்களைத் திருத்தி அடிச்சுத் தர ஒரு வாரம் ஆகும்மா என்றார். அன்றைக்குத் தையல் கடையில் பதினான்காம் அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்று நீ படிக்கத்தான் போகிறாய், என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இளம் தாய் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு ஓடி வருகிறாள். வாண்டு கத்திரியின் தோளில் இருக்கிறது. கையை நீட்டுகிறாள். வாண்டு அவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக் கத்திரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிடுகிறது. கத்திரி சிரித்துக்கொண்டே, ஆள் மறந்துபோச்சு போல என்கிறாள். இவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்றபடி நினைக்கிறாள், கத்திரி செத்தால்தான் என் குழந்தை எனக்குக் கிடைக்கும் என்று. அவ்வளவுதான். ஒரு வரிதான் வாண்டு. அந்த வரியைப் பெரியம்மா தன் வாயால், தன் பெயரோடு, தன்னிடம் வேலை பார்க்கும் பெண்கள் முன்னால் படிக்கப்போகிறார்.

அன்று சாயங்காலமே போய், அக்கா, உங்க புக்குல ஒரு பக்கம் அச்சு சரியில்ல, வேற தர்றேன், அதக் குடுங்க என்று கேட்டேன். இஞ்ச் டேப்பை அடையாளத்துக்கு உள்ளே வைத்துச் சுற்றிப் புத்தகத்தை மடியிலேயே வைத்திருந்தார். என் புக்குல எல்லாப் பக்கமும் நல்லாத்தான் இருக்கு, நான் பாத்துட்டேன் என்றார். திரும்பி வந்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, நீயே போய் சொல்லு, என்னை மட்டும் சொல்லச் சொல்லாத, அண்ணிகிட்ட எனக்கு இன்னும் பயம் என்றார். மறுநாள் பதினைந்தாம் அத்தியாயம். கரண்ட் போகாதா, கடைக்கு அவசர ஆர்டர் வராதா, பெரியம்மாவுக்குத் தொண்டை கட்டாதா என்றெல்லாம் நினைத்தேன், நினைத்துவிட்டு அதற்கும் சேர்த்து அழுதேன். அன்று இரவு அவர் வந்து நடித்துக் காட்டவில்லை, தலைவலி என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பினார்.

அடுத்த நாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு மத்தியானம் கடைக்குப் போனேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் படியேறினேன். ஆனால் என்னைப் பார்த்ததும் பெண்கள், எழுத்தாளரம்மா வந்துட்டாங்க, இன்னிக்கு அவங்களே படிக்கட்டும் என்று கை தட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார்கள். இதுவும் நல்லதுதான், நான் படித்தால் பெயரை வாய்க்குள்ளேயே மாற்றிவிடலாம், அந்த வரியை விழுங்கிவிடலாம் என்று ஒரு கணக்கு ஓடியது. பெரியம்மா புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வெட்டும் மேஜைக்குப் போனார். தன் டப்பாவைத் திறக்கவே இல்லை, சாப்பாட்டு நேரத்தில் துணி வெட்ட ஆரம்பித்தார். நான் படித்தேன். கத்திரி என்று இருந்த இடத்தில் தலைமையாசிரியை என்றேன். கத்தரிக்கோல் சத்தம் நின்றது. தலையை நிமிர்த்தாமலே, புக்குல இருக்கிறதப் படிடி என்றார்.

எல்லாரும் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். மறுபடி முதலிலிருந்து படித்தேன், இருந்ததை இருந்தபடி. பெயரைக் கேட்டதும் துணி ஓரத்துக்கு ஓவர்லாக் அடிக்கும் பெண், ஐ, நம்ம அக்கா பேரு என்று சிரித்தாள், அப்புறம் போகப்போகச் சிரிப்பு நின்றது. அந்த வரி வந்தது. படித்தேன். காஜா அம்மா டப்பாவுக்குள் வைத்த கையை எடுக்கவில்லை. பெரியம்மா கடிகாரத்தைப் பார்த்து, மணியாச்சு, மெஷினை ஓட்டுங்க என்றார். எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் இரைந்தது.

படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன், இறங்கவும் முடியவில்லை. பின்னாலேயே வந்தார். ஆளுங்க முன்னாடி தடுமாறாமப் படிக்கணும்னா முன்கூட்டியே படிச்சுப் பாக்க வேணாமா, புக்கு வந்த அன்னிக்கு ராத்திரியே அந்தப் பக்கத்துக்கு வந்துட்டேன் என்றார். அப்புறமும் ஏங்க்கா தினமும் படிச்சீங்க என்று கேட்டேன். நீயா வாயத் தொறக்குறியான்னு பாத்தேன், நீ வரலன்னா பதினஞ்சோட புக்கு காணாமப் போயிருக்கும் என்றார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன், காலில் விழாத குறை. அதற்கு அவர், எழுந்திரு, படி அழுக்கு என்றார். கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டே, நீ அந்தப் பரீட்சையில ஃபெயிலாகணும்னு நான் தினமும் வேண்டிக்கிட்டேன்டி, இன்னொரு வருஷம் புள்ள என் தோள்ல இருப்பாளேன்னு, அதை எந்தப் புக்குல போடுவ என்றார். அவர் சிரிக்கவில்லை வாண்டு. பதிலுக்கு நிற்காமல் மேலே போய்விட்டார்.

மன்னித்தாரா, இல்லை கணக்கை நேர் செய்தாரா, எனக்குத் தெரியவில்லை. நேற்றுச் சாயங்காலம் சுவரோரம் நின்று வேண்டுமென்றே பெரிதாக ஒரு தும்மல் போட்டேன். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் ஒரு நிமிஷம் நின்றது, அப்புறம் தொடர்ந்தது, குரல் வரவில்லை. இன்று காலையில் கேட்டுக்கு வெளியே நின்றபடி, வாண்டுக்கு மாத்தாத புக்கத்தான் அனுப்பணும், அவளுக்கும் தெரியட்டும் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அதனால்தான் இந்தப் பிரதி. திருத்திய பிரதிகள் வந்துவிட்டன, ஆனால் வெளியே கொடுக்கவில்லை. அந்த அத்தியாயத்தில் இருக்கும் மூன்று பேரில் நீ ஒருத்தி. எந்தப் பெயரோடு போக வேண்டும், அந்த வரி இருக்க வேண்டுமா என்பதில் உனக்கும் வாய் உண்டு. உன்னைக் கேட்காமல் அச்சுக்குப் போனது போதும். என் தோழிகள் இன்னும் கல்யாணப் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த வயதில் நான் உன்னைப் பெற்றேன், எனக்கு ஒன்றும் தெரியாது, அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இதைப் படித்தபிறகு உனக்கு என்மேல் கோபம் வந்தால் வரட்டும், சாப்பிடாமல் மட்டும் இருக்காதே. ஜன்னலைத் தாழ் போட்டுவிட்டுத் தூங்கு. கண்ணாடி பவரைப் பார்த்துவிடு, அட்டை வேலை செய்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டாய்.

நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடி முடிய வேண்டும், நீ எங்கே இருந்தாலும் உன்னைத் தூக்க ஒரு தோள் இருக்க வேண்டும், அது யாருடையதாக இருந்தாலும் சரி.

ஒன்றை மறக்காதே. எப்போதும் எனக்கு முதலில் போன் செய்கிறாயா, பெரியம்மாவுக்கா என்று நான் மணி பார்த்துக்கொண்டிருப்பேன், அது உனக்கும் தெரியும், அதனால்தான் நீ இரண்டு பேரிடமும் ஒரே போனில் சேர்த்துப் பேசுகிறாய். இந்த முறை அப்படி வேண்டாம். படித்து முடித்ததும் தனியாக அவரைக் கூப்பிடு. அவர் போனை வைத்தபிறகு என்னைக் கூப்பிடு. எத்தனை நேரமானாலும் நான் சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருப்பேன்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா