என் சங்கிலி, உன் உள்ளங்கை

இன்று காலை கூரியரில் புது போர்டு ஒன்று வந்தது. பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் தனித்தனியாக அளந்து சொல்லும் சில்லு, அதைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே செய்த பலகை. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மணிக்கட்டில் எர்த் பட்டையை மாட்டிக்கொண்டு உறையைப் பிரித்தேன். அப்போதெல்லாம் உன் ஞாபகம் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். செல்லுக்குப் பதிலாக மாட்டிப் பார்க்கும் டம்மியைத் தேடி மேசையின் அடி இழுப்பறையைத் திறந்தபோதுதான் வந்தாய். அரையடி மர ஸ்கேலின் மேல் வரிசையாகப் பதினாறு ரெசிஸ்டர்கள், நீ உட்கார்ந்து பற்றவைத்தவை. நெகட்டிவ் முனை எது என்று தெரிய நீ வைத்த சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு இன்னும் உதிரவில்லை.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்த ஸ்கேலைப் பார்த்ததும் அழுகை வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். முதலில் வந்தது பொறாமைதான். நான் என் கையால் செய்த எதுவும் இந்த லேபில் இத்தனை நாள் உழைத்ததில்லை.

உன்மேல் எனக்கு எப்போது வயிறு எரிய ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தேன். பஸ்ஸில்தான் தொடங்கியிருக்க வேண்டும். நான் விழுப்புரத்தில் ஏறி ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொண்டு வருவேன். நீ மயிலத்திலிருந்து வந்து கூட்டேரிப்பட்டில் ஏறி நின்றுகொண்டே வருவாய். திண்டிவனம் வருவதற்குள் பாதி பஸ் உன்னிடம் பேசியிருக்கும். யார் மகளுக்கு எந்த காலேஜில் சீட்டு, யார் வீட்டு மாடு கன்று போட்டது, எல்லாம் உனக்குத் தெரியும். மூன்று வருஷம் அதே பஸ்ஸில் போனேன், கண்டக்டருக்கு என் முகம்கூடத் தெரியாது. நீ வராத நாளில் மட்டும் கேட்பார், "இன்னாம்மா, அந்தப் பொண்ணு வர்ல?" உங்கப்பா கொல்லையில் விளைந்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், அவித்து டப்பாவில் கொண்டுவருவாய். முதல் கை எனக்குத்தான் தருவாய். அதை வாங்கித் தின்றுகொண்டேதான் உள்ளுக்குள் காந்திக்கொண்டிருந்தேன்.

இருவரும் ஒரே நாளில் இந்த யூனிட்டில் சேர்ந்தோம். ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் பேட்டரி கட்டுகிற இடம், அதற்கு ஒரு சின்ன சோதனைக்கூடம், அதில் நாம் இரண்டு பேர். வேகம் என்று பார்த்தால் நான்தான். ஆனால் மேனேஜர் சார் எந்தப் புது போர்டு வந்தாலும் உன் மேசையில்தான் வைப்பார்.

உன் முறை எனக்கு எரிச்சலாக இருக்கும். நேராக செல்லில் மாட்டவே மாட்டாய். முதலில் டம்மி. பவர் சப்ளையில் கரண்ட்டைக் கொஞ்சமாகக் கட்டிவைத்து, அந்த ரெசிஸ்டர் வரிசையைப் பதினாறு செல் என்று போர்டை நம்பவைப்பாய். போர்டு சரியாகப் படிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் நிஜ செல். அதிலும் முதலில் அடியிலுள்ள நெகட்டிவ் ஒயர், பிறகு கீழிருந்து மேலே ஒவ்வொன்றாக. போர்டோடு இணைத்த லேப்டாப்பின் சார்ஜரையும், வெளி கரண்ட் எதுவும் வரக்கூடாதென்று, பிடுங்கிவிடுவாய். செல்களின் மேல் ரப்பர் ஷீட்டை மூடி, வேண்டிய இடத்தை மட்டும் திறப்பாய். கனெக்டரைப் போர்டில் செருகுவதற்கு முன்னால் ஒவ்வொரு முனையையும் மீட்டரில் தொட்டு வாய்விட்டுச் சொல்வாய். "மூணு மூணு. ஆறு ஆறு. ஒம்பது ஒம்பது. பதிமூணு ரெண்டு." ஐம்பத்திரண்டு எட்டு வரை போய், மறுபடி முதலிலிருந்து வருவாய். ஏற்றமும் இறக்கமுமாக வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஒரு ராகம் இருக்கும் அதில்.

"ஜல்தியா முடிடி, பஸ் போயிடும்" என்பேன்.

"வீட்டு கரண்ட்டுன்னா சுவிட்ச அணைச்சிட்டு தொடலாம். இத எப்டி அணைப்ப? செல்லுக்கு லீவே கெடையாதுடி" என்பாய்.

நமக்கு ஒரே தை மாதத்தில் கல்யாணம் ஆனது. எனக்கு ஆறு பவுனில் தாலிச் சங்கிலி. உனக்கும் சங்கிலி போட்டார்கள், கொஞ்சம் மெலிசு. அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. லீவு முடிந்து வந்த அன்று நீ சங்கிலியை வீட்டு பீரோவில் வைத்துவிட்டு மறுபடி மஞ்சள் கயிற்றுக்கு மாறி வந்திருந்தாய். ஊக்கு ஒன்றுகூடக் கோக்காத வெறும் கயிறு. தாலியை ஜாக்கெட்டுக்குள் விட்டு, கோட் பட்டனைக் கழுத்து வரைக்கும் போட்டிருந்தாய்.

பேக்கிங் பிரிவு அக்காக்கள் சும்மா விடவில்லை. "இன்னாடி இது, அதுக்குள்ள அடகுக்கு அனுப்பிட்டாரா ஊட்டுக்காரு?"

"பேட்டரிக்கு அது தாலின்னு தெரியாதுக்கா" என்று சிரித்தாய்.

நம் சார் வளையலைக் கழற்றுங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள் என்று தினமும் சொல்வார். கழுத்துப் பக்கம் வரும்போது சுவரைப் பார்ப்பார். கல்யாணமான பெண்ணிடம் போய் அதைக் கழற்று என்று எந்த ஆம்பிளை சொல்வான்? நீயாகத்தான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாய். உன் மாமியார் ஒரு மாதம் உன்னிடம் சரியாகப் பேசவில்லை என்று பஸ்ஸில் சொன்னாய். நான் ஆறுதல் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த நாள் வருகிறது. இதுவரை சுற்றிக்கொண்டிருந்தது அதற்குத்தான்.

லேபுக்கு ஒரு பொறுப்பாளரைப் போட வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். காலையில் நான் செய்துகாட்ட வேண்டும், மதியம் நீ. அவர்கள் சாரின் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள், லேபில் நாம் இரண்டு பேர்தான். பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று ரப்பர் ஷீட்டை மொத்தமாக எடுத்து ஓரம் வைத்தேன். இரண்டு வரிசையாக மடித்துக் கட்டிய செல்கள், முதல் செல்லும் கடைசி செல்லும் பக்கத்துப் பக்கத்தில், மொத்த ஐம்பத்திரண்டு வோல்ட்டும் அந்த இரண்டுக்கும் இடையில். சங்கிலியைக் கோட்டுக்கு வெளியே எடுத்துவிட்டிருந்தேன். வந்தவர்கள் பார்க்கவேண்டும் என்றில்லை. நீ பார்க்கவேண்டும்.

"சங்கிலிய உள்ள உட்டு கோட்டு பட்டன மாட்டுடி. அந்த ஷீட்டயும் மூடு" என்றாய்.

"ஒன்னால போட்டுக்க முடியலன்னு வயித்தெரிச்சலா ஒனக்கு?" என்றேன்.

என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது பார். நீ எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாய். நான் செல்களின் மேலாகக் குனிந்து, அந்தப் பக்கம் இருந்த போர்டில் கனெக்டரைச் செருகக் கை நீட்டினேன். சங்கிலி ஊக்குகளோடு முன்னால் சரிந்து அந்த இரண்டு செல்களின் முனைகளையும் சேர்த்துத் தொட்டபடி குறுக்கே விழுந்தது. வெடித்த சத்தம் எனக்கு ஞாபகம் இல்லை. நீலமாக ஒரு வெளிச்சம், அதற்குள் உன் கை. சங்கிலியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து அறுத்தாய். என் கழுத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை. உன் உள்ளங்கையில் குறுக்கே ஒரு கோடு வெந்து கிடந்தது.

சார் ஓடிவந்தார். "இன்னாம்மா ஆச்சு?"

"திருப்புளி வழுக்கிடுச்சி சார். நாந்தான் பாக்கல" என்றாய்.

அறுந்த சங்கிலி அப்போது என் கோட் பையில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாய். "தாலிச் சங்கிலி கருகிடுச்சின்னு தெரிஞ்சா ஒங்க ஊட்ல ஒன்ன மறுபடி வேலைக்கி அனுப்புவாங்களா? அபசகுனம்னு பேஜாரு பண்ண மாட்டாங்க? ஒரு வாரம் போவட்டும். நீ சங்கிலிய சரி பண்ணிக்கினு, அப்புறமா சார்கிட்ட நீயே சொல்லிடு."

பஸ்ஸில் மாட்டி அறுந்தது என்று வீட்டில் சொல்லி, சங்கிலியை ஒட்டவைத்தேன். அந்த ஒரு வாரம் வரவேயில்லை. மதியம் உன்னால் செய்துகாட்ட முடியவில்லை, அஜாக்கிரதை என்று சார் உன்மேல் ஒரு குறிப்பும் எழுதினார். பொறுப்பு எனக்கு வந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நான் வாங்கிக்கொண்டேன்.

பொறுப்பாளராக நான் செய்த முதல் வேலை, பாதுகாப்பு விதிகளை எழுதி லேமினேட் செய்து சுவரில் மாட்டியது. ஒன்பது விதிகள். முதல் விதி, திருப்புளியின் தண்டில் டேப் சுற்ற வேண்டும். டம்மி, நெகட்டிவ் ஒயர், ரப்பர் ஷீட், சார்ஜர், எல்லாம் உன் வாயிலிருந்து எடுத்ததுதான். சங்கிலியை மட்டும் எழுதவில்லை. எழுதினால் எவளாவது ஏன் என்று கேட்பாள் என்ற பயம். இன்னொன்றும் உண்டு. அந்த மஞ்சள் கயிறு முழுக்க முழுக்க உன் யோசனை, அதை என் கையால் சுவரில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

நீ தாளின் முன்னால் நின்று கடைசிவரை படித்தாய். "ஒண்ணு உட்டுட்டியேடி" என்றாய். "அப்புறம் சேக்கறேன்" என்றேன். நீ மறுபடி கேட்கவில்லை.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோதுதான் கேட்டாய். சிறுநீரகம் இரண்டும் போய், முகம் ஊதிக் கிடந்தாய். அங்கேயும் நர்ஸுகள் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், பக்கத்துக் கட்டிலின் அம்மா தன் இளநீரில் பாதி உனக்கு வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தாள், உனக்குத் தண்ணீர்கூட அளந்துதான் என்று தெரியாமல். நான் படுத்தால் யார் வருவார்கள் என்று எண்ணிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அப்போது என் கையைப் பிடித்தாய். உள்ளங்கையின் அந்தக் கோடு என் தோலில் உரசியது.

"அந்த செவுத்து தாள்ல சேத்துட்டியாடி?"

"சேத்துட்டேன்" என்றேன்.

கண்ணை மூடி, தலையை ஆட்டிக்கொண்டாய். நான்கு நாளில் போய்விட்டாய். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். உன் சாவுக்கு அந்தக் கண்டக்டர்கூட வந்திருந்தார்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பேக்கிங் பிரிவிலிருந்து லேபுக்கு மாறி வந்திருக்கிறாள் பவானி, கண்டாச்சிபுரத்துப் பெண், கல்யாணமாகி இரண்டு மாதம். புது போர்டை அவளும் நானும் டம்மியில் பார்த்து முடித்தோம். நிஜ செல்களுக்கு வந்தபோது திருப்புளியில் டேப் சரியாக இருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள்.

"முன்னாடி இங்க ஒரு அக்கா அஜாக்கிரதையா இருந்து கைய சுட்டுக்கினாங்களாமே. அதான் எனக்கு பயம்" என்று சொல்லிக்கொண்டே குனிந்தாள். கோட் பட்டன் இரண்டு திறந்திருந்தது. சங்கிலி வெளியே சரிந்து செல்களுக்கு மேலே ஆடியது. ரப்பர் ஷீட்டின் ஒரு மூலை அங்கே திறந்துதான் இருந்தது.

பின்னாலிருந்து அவள் கோட்டைப் பிடித்து இழுத்துவிட்டேன். நாற்காலியில் போய் விழுந்தாள். திட்டப்போகிறேன் என்று நினைத்திருப்பாள். நான் சாரைக் கூப்பிட்டேன். அவர் வந்து நின்றதும் இரண்டு பேரிடமும் சொன்னேன். அன்றைக்கு வழுக்கியது திருப்புளி இல்லை, என் சங்கிலி. அஜாக்கிரதையாக இருந்தது நீ இல்லை, நான். ஆஸ்பத்திரியில் உன்னிடம் சொன்ன பொய் வரைக்கும் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் நின்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பொண்ண நான் எழுத்துல திட்டிட்டனேம்மா" என்றார். அந்தக் குறிப்பைத் தேடி எடுத்துக் கிழிக்கப் போகிறேன் என்று தன் அறைக்குப் போனார். பவானி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்பேர்ப்பட்ட அக்கா. அவங்க போட்டோ எதுனா இருக்குதாக்கா?"

என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டக்கூட இல்லை. இத்தனை வருஷம் தொண்டையில் வைத்திருந்ததைத் துப்பியவள் நான், அவள் அழுதது உனக்காக. உண்மையைச் சொன்னாலும் நீதான் ஜெயிக்கிறாய்.

சுவரிலிருந்து தாளைக் கழற்றி முதல் விதிக்கு மேலே மார்க்கரில் எழுதினேன்: தாலியானாலும் கயிற்றில் இருக்கட்டும், ஜாக்கெட்டுக்குள் இருக்கட்டும், கோட்டுப் பட்டன் கழுத்து வரை. சொன்னது யார் என்று பக்கத்தில் உன் பெயரையும் எழுதினேன். எழுதும்போது வயிறு எரிந்தது. எரிய எரியத்தான் எழுதி முடித்தேன். பவானி தன் சங்கிலியைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, பேக்கிங் அக்கா ஒருத்தி பூஜை அலமாரியிலிருந்து தந்த கயிற்றில் தாலியைக் கோத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். எனக்கும் ஒன்று வாங்கிவந்திருந்தாள், கட்டிக்கொண்டேன். கழுத்தில் பாரமே இல்லை, கயிற்றின் அரிப்பு மட்டும் புதிது.

அதற்குப் பிறகு ரப்பர் ஷீட்டை முழுக்க மூடி, மீட்டரை எடுத்து முனைகளைத் தொட்டேன். வாய் தானாகவே ஆரம்பித்தது. மூணு மூணு, ஆறு ஆறு, ஒம்பது ஒம்பது, பதிமூணு ரெண்டு. ஐம்பத்திரண்டு எட்டு வரை ஏறி, திரும்பவும் முதலிலிருந்து. ஏற்றம், இறக்கம், எல்லாம் உன்னுடையதே.

"நீங்க சொல்றது பாட்டு மாதிரி நல்லா இருக்குதுக்கா. நீங்களே கண்டுபிடிச்சதா?" என்று பவானி கேட்டாள்.

உன் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. ஆமாம் என்றுதான் தலையாட்டினேன். மற்ற எல்லாவற்றையும் இன்றைக்கு உனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்டி.