அழ விடாத சாராயம்

திருகோணமலை

இஞ்சருங்கோ, உங்கடை இருமல் குறைஞ்சிட்டுதோ? பேத்தி தனுஷிகா பள்ளிக்கூடம் போறாளோ?

செவ்வாய்க்கிழமை இந்தக் குடி மறக்க வைக்கிற வீட்டு முற்றத்திலை இருந்தது நம்மடை மகன் யுகேந்திரன், வைத்தியம் பாக்கிற றிஷானா பிள்ளை, இஞ்சத்தைக் குசினியிலை சமையலை அரைவாசியிலை விட்டிட்டு வந்த நான், அவ்வளவு பேர் தான்.

"மனம் வரட்டும் எண்டு படுத்திருக்க வேண்டாம் அண்ணை. முதல் கை தொடங்கட்டும்" எண்டு சொல்லி றிஷானா கிழிஞ்ச வலையொண்டைக் குடுத்தா. மகன் கிழிசலைக் கொஞ்சம் பொத்தித் தைச்சான். பிறகு, "ஊசிக்கு நூல் சுத்தித் தாறது பிரசாந்தி தானே" எண்டான். பெண்சாதி செத்ததுக்கு அண்டைக்குத்தான் முதல்முதலா அழுதான். அழுதபடியே சாராயம் கேட்டான்.

"உடம்பு கேக்கும் அண்ணை. குடிக்காமல் இருந்து பாப்பம், அந்த ஆசை தானாய் இறங்கும்" எண்டா றிஷானா. குடியும் கவலையும் ஒண்டையொண்டு கூட்டி வருமாம், ரெண்டுக்கும் சேத்துத்தான் வைத்தியமாம். நான் பக்கத்திலையே இருந்தனான். இறங்கினது.

யோசியாதேங்கோ, சாப்பிடுறான். இஞ்சை வாற ஆரிட்டையாவது பிரசாந்தியின்ரை வலை ஊசியையும் என்ரை சின்ன ரேடியோவையும் குடுத்துவிடுங்கோ. பின்னேரத்திலை எனக்குக் கதைக்க ஆளில்லை.

அடுப்பிலை சோறு கிடக்கு, முடிக்கிறன். மகன் வீட்டை வரேக்கை வாசல் படலையை ஒருத்தருக்கு மட்டும் திறவாதேங்கோ. பிரசாந்தியின்ரை செத்த வீட்டிலை "ஆம்பிளையள் அழப்படாது" எண்டு சொல்லி அவன்ரை கையிலை முதல் கிளாசைக் குடுத்தவரை நான் மன்னிக்கமாட்டன். அது உங்கடை தமையன் தங்கத்துரை.